பத்தடி உயரத்தில் நான்

என்னை யாரும் பார்க்கக் கூடாது என்று சொல்லி வீட்டுக்குப் பின்னால் ஓலைக் குடிசைக்குள் உட்கார வைத்தார்கள். அதே வாரம், ஊரே பார்க்கட்டும் என்று பஸ் ஸ்டாப்பில் பத்தடி உயரத்துக்கு என் படத்தை நிறுத்தினார்கள். இரண்டையும் செய்தது ஒரே ஆட்கள்தான். இதில் ஏதோ இடிக்கிறதே என்று அவர்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. இப்போது நினைத்தால் எனக்குச் சிரிப்பு வருகிறது. அன்றைக்கு வரவில்லை.

அப்போது எனக்குப் பதிமூன்று வயது, ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தேன். கள்ளக்குறிச்சியிலிருந்து தியாகதுருகம் போகிற ரோட்டில் இறங்கி உள்ளே நடக்க வேண்டிய சின்ன ஊர் எங்களுடையது. அப்பா கரும்பு வெட்டப் போவார். அம்மா களையெடுப்போ நடவோ, எதற்குக் கூப்பிட்டாலும் போவாள். நான் ஒரே பெண். பள்ளிக்கூடம் கள்ளக்குறிச்சியில் இருந்தது. காலை பஸ்ஸை விட்டால் அன்றைக்குப் படிப்பு அவ்வளவுதான்.

அந்த வருஷம் எனக்கு என்ன வந்தது என்றே தெரியவில்லை. யாரைப் பார்த்தாலும் எரிச்சல். “சாப்டியா” என்று அம்மா கேட்டால்கூட எரிந்து விழுவேன். ஒரு நாள் சும்மா இருந்த குடத்தை எட்டி உதைத்து நசுக்கிவிட்டேன். முகம் முழுக்கப் பரு. கையும் காலும் திடீரென்று நீண்டுபோய், அதுகளை எங்கே வைத்துக்கொள்வது என்று புரியாது. பஸ்ஸில் பையை நெஞ்சோடு கட்டிப் பிடித்துக்கொண்டே நிற்பேன். சும்மா உட்கார்ந்திருக்கும்போது கண்ணில் தண்ணீர் வரும். ஏன் என்று கேட்டால் எனக்கே தெரியாது.

“இன்னாடி, பேய் கீய் அடிச்சுடுச்சா உனக்கு?” என்பாள் அம்மா. அடித்திருந்தால் தேவலை. மந்திரித்தாவது விட்டிருப்பார்கள்.

இந்த லட்சணத்தில் நான் வயசுக்கு வந்தேன். தகவல் போன அன்று சாயந்திரமே தாய்மாமன் பச்சை ஓலையோடு வந்து இறங்கிவிட்டார். அம்மாவின் தம்பி. மீசையை விடக் கோபம் பெரிசு அவருக்கு. வீட்டுக்குப் பின்னால் குடிசை கட்டினார். ஒன்பது நாள் அதற்குள்தான் இருக்க வேண்டும். தனித் தட்டு, தனி டம்ளர், தனிப் பாய். ஆண்கள் யாரும் என்னைப் பார்க்கக் கூடாது, பெற்ற அப்பா உட்பட. காத்து கருப்பு அண்டாமல் இருக்கப் பக்கத்தில் ஒரு இரும்பு வைப்பார்கள். எங்கள் வீட்டில் இருந்த இரும்பு அம்மாவின் கருக்கரிவாள். பாய்க்குப் பக்கத்தில் அதை வைத்துவிட்டு, “இத்த எங்கயும் நவுத்தாத” என்று அம்மா சொல்லிவிட்டுப் போனாள்.

காலையில் நல்லெண்ணெயும் பச்சை முட்டையும், மத்தியானம் உளுந்தங்களி. எனக்கு உளுந்தங்களி என்றாலே குமட்டும். வெளியே அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. அவருடைய சத்தத்தை மட்டும்தான் என்னால் கேட்க முடியும். வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் “எம் பொண்ணு பெரிய மனுஷி ஆயிட்டா” என்று சொல்லிக்கொண்டிருந்தார். பல் தேய்க்கிறவரைக்கூட விடவில்லை. மூன்றாம் நாள் ஓலைக்கு அந்தப் பக்கம் வந்து நின்று குரலைத் தாழ்த்தினார்.

“பாப்பா, பஸ் ஸ்டாப்புல ஒரு பேனர் வெச்சிக்கிறேன். நம்ம ஊர்ல எவனும் இவ்ளோ பெருசா வெச்சதில்ல. வெளிய வந்து பாத்தீன்னா அசந்துடுவ.”

“எந்த போட்டோப்பா?” என்று கேட்டேன்.

“ஸ்கூல் போட்டோதான். அத்தப்போயி கேக்கற. கம்ப்யூட்டர்ல சூப்பரா பண்ணிட்டான்” என்றார். சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

மறுநாள் என் வகுப்புத் தோழி வீட்டுப்பாடம் எழுதிக் கொடுக்க வந்தாள். குடிசை வாசலில் உட்கார்ந்து நோட்டை நீட்டினாள். ஆனால் அவள் வாய் சும்மா இருக்கவில்லை. பேனரில் என் தலை மட்டும்தான் என்னுடையதாம். கழுத்துக்குக் கீழே யாரோ ஒரு கல்யாணப் பெண்ணின் உடம்பு, சிவப்புப் பட்டுப்புடவை, ஒட்டியாணம், முழங்கை வரைக்கும் வளையல். பருவை எல்லாம் அழித்து முகத்தைச் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி ஆக்கியிருந்தார்களாம். பின்னால் நீர்வீழ்ச்சி வேறு.

“யாருன்னே தெரியலடி. கீழ ஒன் பேர் போட்டுக்கீது, அத்த வெச்சுதான் கண்டுபுடிச்சேன்” என்றாள். அப்புறம் கொஞ்சம் தயங்கிவிட்டு மிச்சத்தையும் சொன்னாள். “சார் அட்டெண்டன்ஸ் எடுக்கறப்ப ஒன் பேரு வந்துச்சா, அவன் எழுந்து, ‘சார், அவ பஸ் ஸ்டாப்புல நின்னுக்கினு இருக்கறா சார்’ன்னான். கிளாஸே சிரிச்சுது.”

அவன் என்றால் தெற்குத் தெருப் பையன். ஒரே ஊர், ஒரே பஸ், ஒரே வகுப்பு. கணக்கில் அவன் முதல், நான் இரண்டாவது, சில மாசம் மாறி வரும். அவனுக்கு வாய் நீளம். அவன் அப்பா பெங்களூரில் கட்டட வேலைக்குப் போய் வருஷக்கணக்கில் திரும்பவில்லை. அம்மா மட்டும்தான்.

தோழி போனபிறகு நான் அழவில்லை. முகத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். பரு இருந்தது. கையைப் பார்த்தேன், காலைப் பார்த்தேன். இருக்கிற உடம்பே எனக்குப் பழகவில்லை. அதற்குள் இன்னொருத்தியின் உடம்பை எனக்கு மாட்டி, ஊர் வாயில் நிறுத்திவிட்டார்கள். இனிப் பள்ளிக்கூடம் போவதில்லை என்று அந்த இடத்திலேயே முடிவு செய்துவிட்டேன். ஆனால் அதோடு ஆத்திரம் அடங்கவில்லை.

ஆறாம் நாள் விடியற்காலை அம்மா குழாயடிக்குத் தண்ணீர் பிடிக்கப் போனாள். அப்பா அதற்கு முன்பே வெட்டுக்குக் கிளம்பியிருந்தார். நான் அரிவாளை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். வாய்க்கால் ஓரமாக ஓடினால் பஸ் ஸ்டாப் ஐந்து நிமிஷம். ஒரு ஈ காக்கை இல்லை. மேற்கே கல்வராயன் மலை மேல் வெளிச்சம் பட ஆரம்பித்திருந்தது, அந்த வெளிச்சத்தில் அவள் நின்றுகொண்டிருந்தாள். சிவப்புப் பட்டுப்புடவையில், வெள்ளை வெளேரென்று, என் பெயரோடு.

பின்பக்கச் சவுக்குக் கம்பில் கால் வைத்து ஏறினேன். அரிவாளைக் குத்தி இழுத்ததும் பேனர் சரசரவென்று கிழிந்தது. பட்டுப்புடவையை ஒன்றும் செய்யவில்லை. முகத்தை மட்டும் சுற்றி அறுத்தேன். முறம் அளவுக்கு வந்தது. அதை மடித்துப் பாவாடைக்குள் சொருகிக்கொண்டு வந்த வழியே ஓடிவந்து, பாய்க்கு அடியில் வைத்து மேலே உட்கார்ந்துகொண்டேன். அம்மா குடத்தோடு வந்தபோது, ரொம்ப நாளைக்குப் பிறகு எனக்கு நன்றாகப் பசித்தது.

எட்டு மணி பஸ்ஸுக்கு வந்தவர்கள் பார்த்துவிட்டார்கள். ஊர் கூடிவிட்டது. சடங்கு வைத்திருக்கிற பெண்ணின் படத்தில் முகத்தை அறுப்பது சும்மா கிழிப்பது மாதிரி இல்லை. அபசகுனம் என்றார்கள், சூனியம் என்றார்கள். என்னைச் சந்தேகப்பட ஒருவருக்கும் தோன்றவில்லை. நான்தான் குடிசையில் இருக்கிறேனே! சேதி கேட்டு அப்பா கரும்புக்காட்டிலிருந்து ஓடிவந்தார். மாமா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தெருத் தெருவாகப் போனார். அரை மணி நேரத்தில் ஆளைப் பிடித்துவிட்டார்.

முந்தின சாயந்திரம் தெற்குத் தெருப் பையன் பேனரின் மேல் மண்ணாங்கட்டி எறிந்ததை டீக்கடைக்காரர் பார்த்திருந்தார். அது போதாதா? அவனை இழுத்து வந்து எங்கள் வீட்டு முன்னால் வேப்பமரத்தடியில் நிறுத்தினார்கள். ஓலைச் சந்து வழியாக எனக்குக் கால்கள் மட்டும் தெரிந்தன. யூனிஃபார்ம் பேண்ட் போட்ட ஒரு ஜோடிக் கால் நடுவில் நின்றது.

உள்ளதைச் சொல்கிறேன். எனக்கு முதலில் சந்தோஷமாக இருந்தது. நல்லா வாங்கு என்றுதான் நினைத்தேன். கிளாஸே சிரிச்சுது இல்லை? இப்ப சிரி பார்க்கலாம்.

“எங்கடா போட்ட அந்தத் துண்ட?” மாமாவின் குரல். பளாரென்று ஒரு அறை விழுந்தது.

“நான் கிழிக்கல மாமா. சத்தியமா நான் இல்ல.”

“யாருடா ஒனக்கு மாமா?” இன்னொரு அறை. “இவனக் கட்டி வெச்சு உரிச்சாதான் உண்மையக் கக்குவான். அப்புறம் ஸ்டேஷன்ல கொண்டுபோய் வுடறேன். எந்த ஸ்கூல்ல சேத்துக்குறாங்கன்னு பாக்கறேன்.”

அவன் அம்மா ஓடிவந்து மாமாவின் காலில் விழுந்தாள். “படிக்கற புள்ளங்க. வுட்டுடுங்க. அடிக்கறதா இருந்தா என்ன அடிங்க” என்று மண்ணில் கிடந்து கும்பிட்டாள். பாய்க்கு அடியில் அந்தத் துண்டு தொடையில் குத்தியது. இருந்தாலும் நான் எழுந்திருக்கவில்லை. அவனுக்கு நாலு அறையோடு போகும், எனக்கு என்று வந்தால் என்ன ஆகுமோ என்று பயம். வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் ஒருத்தருக்கும் தெரியப் போவதில்லை.

அப்போதுதான் அப்பாவின் குரல் கேட்டது. அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை.

“தம்பி, ஒன்ன யாரும் ஒண்ணும் பண்ண மாட்டாங்க. நான் பாத்துக்கறேன். எம் பொண்ணு மூஞ்சிய எங்க போட்ட, அத்த மட்டும் சொல்லிடு. சாக்கடைல கீக்கடைல போட்டிருந்தாக்கூடப் பரவால்ல, நான் எடுத்துக் கழுவிக்கறேன். எம் பொண்ணு மூஞ்சிடா அது. மிதி படக் கூடாதுடா.”

பன்னிரண்டு மணி வெயிலில் கரும்பு வெட்டுகிற மனுஷன், ஒரு பிளாஸ்டிக் துண்டுக்காக ஒரு சின்னப் பையனிடம் கெஞ்சுகிறார். அழுகிறார். அந்தத் துண்டு மேல் நான் உட்கார்ந்திருக்கிறேன். அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

துண்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். “ஏமே, வெளிய வராத! ஆம்பளைங்க இருக்கறாங்க!” என்று அம்மா பதறினாள். நான் வேப்பமரம் வரைக்கும் நடந்தேன். அத்தனை பேரும் திரும்பினார்கள். ஆறு நாளைக்குப் பிறகு அப்பா என்னைப் பார்த்தார்.

மடிப்பைப் பிரித்து எல்லாருக்கும் தெரிகிற மாதிரி பிடித்தேன். “நான்தான் அறுத்தேன்” என்றேன். “அவன் இல்ல.”

மாமா கையை ஓங்கிக்கொண்டு பாய்ந்தார். அப்பா குறுக்கே வந்தார். ஓங்கிய கை அவர் தோளில்தான் விழுந்தது. “வுடு மச்சான்” என்றார். என்னிடம் திரும்பினார். “ஏம்மா?”

ஆறு நாளாக ஆயிரம் வார்த்தை சேர்த்து வைத்திருந்தேன். வந்தது ஒன்றுதான்.

“என்னக் கேட்டியாப்பா?”

அவருக்குப் புரியவில்லை. நான் விடவில்லை. “அது என் ஒடம்பாப்பா? யாரோ பொம்பள ஒடம்பு. எல்லாரும் என்னப் பாத்துச் சிரிக்கறாங்க” என்று கத்தினேன். அப்புறம் அழுகை வந்துவிட்டது.

“தெரியும்மா, அது ஒன்னுது இல்லன்னு” என்றார் அப்பா. “சடங்குக்குப் பட்டுப்பொடவ எடுத்துத் தர எனக்குத் துப்பு இல்ல. கம்ப்யூட்டர்காரன் கேட்டான், பட்டுப்பொடவ கட்டுனாப்ல போட்டுடலாமான்னு. போட்டோலயாவது கட்டிக்கினு இருக்கட்டுமேன்னு சரின்னுட்டேன். உன்னக் கேக்கணும்னு எனக்குத் தோணலம்மா. தப்புதான்.”

ஊர் நடுவில், ஆண்கள் முன்னால், பதிமூன்று வயசுப் பெண்ணிடம் தப்புதான் என்று சொன்ன அப்பாவை அதற்கு முன்னும் நான் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. அதே கையோடு அந்தப் பையனின் அம்மாவைத் தூக்கி நிறுத்திக் கும்பிட்டார். அவள் மகன் கையைப் பிடித்துக்கொண்டு போய்விட்டாள். அவள் கோபம் ஆற ஒரு பொங்கல் போக வேண்டியிருந்தது. அதில் நியாயம் உண்டு.

சடங்கு ஒன்பதாம் நாள் பேனர் இல்லாமல் நடந்தது. ஒரு போட்டோவிலும் நான் சிரிக்கவில்லை. பள்ளிக்கூடம் போக மாட்டேன் என்று அதற்குப் பிறகும் ஒரு வாரம் பிடிவாதம் பிடித்தேன். அப்பாவோடு பேசவும் இல்லை. கோபம் போய்விட்டிருந்தது. வெட்கம்தான் போகவில்லை, அதைக் கோபம் மாதிரி வைத்துக்கொண்டிருந்தேன்.

ஓட்டை விழுந்த பேனரைத் தூக்கிப் போட அப்பாவுக்கு மனசு வரவில்லை. ஆட்டுக் கொட்டகைக்குத் தடுப்பாகக் கட்டினார். ஒரு காலையில் நான் புழுக்கை அள்ளப் போனேன். எங்கள் கிடா அந்த ஓட்டை வழியாகத் தலையை வெளியே நீட்டி அசை போட்டுக்கொண்டிருந்தது. கீழே சிவப்புப் பட்டுப்புடவை, ஒட்டியாணம், முழங்கை வரை வளையல். மேலே கொம்பும் தாடியும். பின்னால் நீர்வீழ்ச்சி. நான் கூடையைப் போட்டுவிட்டுச் சிரித்தேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். என்னவோ ஏதோ என்று ஓடிவந்த அப்பா, கிடாவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். சிரிக்கலாமா என்று அவருக்குச் சந்தேகம்.

“சிரிப்பா” என்றேன்.

அவ்வளவுதான், மனுஷன் மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டார்.

திங்கட்கிழமை பஸ் ஏறினேன். அவன் முன் படிக்கட்டில் நின்றிருந்தான். நான் மன்னிப்புக் கேட்பதற்கு ஊரிலிருந்தே மனப்பாடம் பண்ணிக்கொண்டு வந்திருந்தேன். அவன் என் பையை எட்டிப் பார்த்தான். “இன்னா, அரிவா எடுத்துக்கினு வந்துட்டியா? தள்ளி நில்லு தாயே” என்றான். மனப்பாடம் பண்ணியது எல்லாம் மறந்துபோய், “மண்ணாங்கட்டி எறிஞ்சல்ல நீ?” என்று கேட்டுவிட்டேன். “ஒன் மேல எறியல. அந்தப் பொம்பள மேலதான் எறிஞ்சேன்” என்றான். மன்னிப்பை அடுத்த ஸ்டாப்பில் கேட்டேன்.

எல்லாம் அதோடு சரியாகிவிட்டது என்று சொன்னால் அது பொய். கண்ணாடி பார்க்க எனக்கு இன்னும் இரண்டு வருஷம் ஆனது. விடை தெரிந்தாலும் வகுப்பில் கையைத் தூக்க மாட்டேன். ஆனால் அப்பா மாறிவிட்டார், அதுவும் தொல்லை தருகிற அளவுக்கு. எதற்கெடுத்தாலும் கேட்பார். “பாப்பா, ஸ்கூல் மீட்டிங்குக்கு நான் வரலாமா, அம்மா வரட்டுமா?” “இந்தச் சட்ட போட்டுக்கினு வந்தா ஒனக்குப் பரவால்லயா?” பொட்டலம் கட்டும் முன் “பூந்தி வாங்கட்டுமா, காராசேவு வாங்கட்டுமா” என்று டீக்கடை போனில் கூப்பிட்டுக் கேட்பார். “யப்பா, நீயே வாங்கிக்கினு வாயேன்!” என்று கத்துவேன். கத்திவிட்டு, காராசேவு என்பேன்.

இப்போது எனக்கு இருபத்து நாலு. கல்வராயன் மலைமேல் வெள்ளிமலை ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கிறேன். வயிற்று வலி என்று மலைக் கிராமங்களிலிருந்து பெண் பிள்ளைகளை அழைத்து வருவார்கள். பதிமூன்று பதினாலு வயசு. அம்மாக்களே எல்லாம் பேசுவார்கள், பிள்ளை சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். கொஞ்சம் வெளியே இருங்கம்மா என்று சொல்லிவிட்டு, கதவைச் சாத்தி, “நீ சொல்லு” என்பேன். பாதிப் பேருக்கு வலி வயிற்றில் இருக்காது.

வேலையில் சேர்ந்த முதல் மாசம் ஒரு நாள் அப்பா போன் பண்ணினார். சாப்பிட்டியா, மழையா, பஸ் கிடைச்சுதா என்று எதை எதையோ கேட்டார். கடைசியில் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“பாப்பா… பஸ் ஸ்டாப்புல… ஒரு சின்ன பேனர்… வேணான்னா வேணாம். சும்மா கேட்டுப் பாக்கறேன்.”

“வெக்கலாம்ப்பா” என்றேன். “ஆனா நீயும் எங்கூட நிக்கணும்.”

சனிக்கிழமை மலையிலிருந்து இறங்கி, கள்ளக்குறிச்சி பேனர் கடைக்கு இரண்டு பேரும் போனோம். என் செல்லில் இருந்த படத்தைக் கொடுத்தேன். நான் நர்ஸ் உடுப்பில், பக்கத்தில் அப்பா வெட்டுக்குப் போகிற கிழிசல் சட்டையில். பரு வடுவை எடுக்கக் கூடாது, ஒன்றும் மாற்றக் கூடாது என்று முதலிலேயே கறாராகச் சொல்லிவிட்டேன். கடைக்காரர் அப்பா படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார்.

“அண்ணனுக்கு மட்டும் கோட்டு சூட்டு போட்டுடலாமா? எடுப்பா இருக்கும்.”

‘ஒண்ணும் வேணாம், இருக்கற மாதிரியே போடுங்க’ என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. நல்லவேளை, நிறுத்திக்கொண்டேன். அப்பா பக்கம் திரும்பினேன்.

“இன்னாப்பா, போடலாமா?”

“நீ இன்னா சொல்ற?”

“எனக்கு இன்னா தெரியும்? ஒன் ஒடம்பு. நீ சொல்லு.”

அப்பா கம்ப்யூட்டரையே பார்த்துக்கொண்டு நின்றார். கரும்புச் சோகை கிழித்த கையால் சட்டைக் காலரைத் தடவினார். அப்புறம் குனிந்து, எனக்குக் கேட்கக் கூடாது என்கிற மாதிரி, கடைக்காரரிடம் கேட்டார்.

“நீலக் கலருல இருக்குதா?”